கறுப்பெழுத்தும் ஒரு தாயின் கேள்வியும்

எங்கள் பாடசாலையின் பரிசளிப்பு விழா முடிந்து, மாணவர்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த மாலை வேளையில், ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் தமிழ் இலக்கியப் பாடத்தில் முதற்பரிசு பெற்றவள். மகளின் சான்றிதழை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி சற்றுத் தயங்கி நின்றார். பின்னர், "சேர், குறை நினையாதேங்கோ. இதிலை என்ரை பிள்ளையின்ரை பேர் எங்கை கிடக்கு?" என்று கேட்டார்.

நான் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். உடனே விரலை வைத்துக் காட்டிவிடலாம் என்றே எண்ணினேன். ஆனால் விரல் நடுவழியில் நின்றது. கறுத்து, நெருங்கி, முனைகள் கூராகி, கோயிற் கதவின் இரும்புக் குமிழ்களைப் போல வரிசைகட்டி நின்ற அந்த எழுத்துக்களுக்குள்ளே பிள்ளையின் பெயர் எந்த வரியில் இருக்கின்றது என்று நானும் தேட வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் பயின்று பட்டம் பெற்றவன், தன் மாணவியின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் தடுமாறியதை அந்தத் தாய் கவனிக்கவில்லை. "நான் பெரிசாப் படிக்கேல்லை, சேர். அதுதான் எனக்கு விளங்கேல்லைப் போலை" என்று தம்மையே நொந்துகொண்டார்.

அவர் படிக்காதவர் அல்லர். தமிழ்ப் பத்திரிகையை நாள்தோறும் வாசிப்பவர். ஆங்கிலப் பெரிய எழுத்துக்களையும் அறிவார். வங்கிப் புத்தகத்திலும், வைத்தியசாலைத் துண்டிலும், பஸ்ஸின் நெற்றியிலும் உள்ள எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்துத் தாமாகவே கற்றுக்கொண்டவர். மகளின் பெயரை ஆங்கிலத்தில் எங்கு கண்டாலும் அவரால் இனங்காண முடியும். அன்று அவரால் முடியவில்லை. எனக்கும் எளிதில் முடியவில்லை. நான் குற்றத்தை எழுத்தின் மேற் போட்டேன். அவர் தம் மேற் போட்டுக்கொண்டார். எங்கள் இருவருக்குமிடையே படிப்பு ஏற்படுத்தியிருந்த வேறுபாடு இவ்வளவுதான்.

இதிலே இன்னொன்றையும் மறைக்காமற் கூறிவிட வேண்டும். அந்தச் சான்றிதழை அச்சிடும் பொறுப்பு என்னுடையது. செலவைப் புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டமையால், அவர்களுடைய விருப்பப்படி அது ஆங்கிலத்தில் அமைய வேண்டியதாயிற்று. பட்டினத்து அச்சகத்தில் கணினியின் முன் இருந்த இளைஞர் நாலைந்து எழுத்து வடிவங்களைத் திரையிற் காட்டினார். இந்தக் கறுத்த எழுத்து வந்ததும், "சேர், இது நல்ல எடுப்பா இருக்கும். வெளிநாட்டுப் பட்டப் பத்திரம் மாதிரி" என்றார். "அப்படியே போடு தம்பி, பெயர் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்திலை வரட்டும்" என்று சொன்னவன் நானே. வாசிக்க முடியுமா என்று ஒரு கணமும் எண்ணவில்லை. கம்பீரமாக இருக்கின்றதா என்பதை மட்டுமே பார்த்தேன்.

அந்தத் தாயின் கேள்வி என்னை விடவில்லை. இந்த எழுத்து எங்கிருந்து வந்தது, யாருக்காக ஆக்கப்பட்டது, யார் யார் கையில் எவ்வெப் பணியைச் செய்தது என்று தேடத் தொடங்கினேன். தேடியதன் பயனாக நான் அறிந்தவற்றை ஆசிரிய நண்பர்களுடனும் மாணவர்களுடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் எழுத்தின் உருவத்தை முதலில் தீர்மானிப்பது எழுதுகருவியும் எழுதப்படும் பொருளுமேயாகும். நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியாற் கீறினர். நாரின் போக்கிலே நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். எனவே நமது எழுத்துக்கள் வளைந்து சுழிந்தன. ஐரோப்பியத் துறவிமடங்களில் எழுதியவர்களோ, முனை அகலமாக வெட்டப்பட்ட இறகுப் பேனாவினால் தோலேட்டில் எழுதினர். அந்த முனை ஒரு பக்கம் இழுக்கும்போது தடித்த கோட்டையும், மறுபக்கம் இழுக்கும்போது மயிரிழை போன்ற கோட்டையும் தரும். வட்டத்தை ஒரே வீச்சில் எழுதாது, துண்டு துண்டாக ஒடித்து எழுதுவது அதற்கு இசைவானது. தோலேடு விலை மிகுந்தது. ஆகவே எழுத்துக்களை ஒடுக்கி நெருக்கி எழுதினர். பக்கத்தில் வெள்ளையிலும் கறுப்பே மேலோங்கிற்று. கறுப்பெழுத்து என்ற பெயர் இதற்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை அத்தகைய ஒரு பக்கத்தைக் கண்டவர் உணர்வர். 'பிராக்தூர்' என்று ஜேர்மன் மொழியில் இதன் ஒரு வகைக்கு வழங்கும் பெயரும் ஒடிந்தது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்ததே.

1455ஆம் ஆண்டளவில் மைன்ஸ் நகரில் குட்டன்பேர்க் தமது வேதாகமத்தை அச்சிட்டபோது, பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி என, கையெழுத்துப் பிரதியின் தோற்றத்தையே உலோகத்தில் வார்க்க முயன்றார். இருபத்தைந்து எழுத்துக்கும் குறைவான ஒரு நெடுங்கணக்குக்கு அவர் ஏறத்தாழ 290 வேறுபட்ட அச்சுகளை வார்த்தார் என்பர். ஒரே எழுத்துக்கு அகலமும் ஒடுக்கமுமாய்ப் பல உருவங்களும், கூட்டெழுத்துக்களும், சுருக்கக் குறிகளும் அவற்றுள் அடங்கும். நெய்த துணியைப் போலத் தோன்றும் அந்தப் பக்கத்துக்கு 'தெக்ஸ்தூரா' என்ற பெயர் வழங்குகின்றது. அழகு மிக்க பக்கம். ஆனால் பழகாத கண்ணுக்கு நெத்தலிக் கருவாட்டைப் பரப்பியது போலவே தோன்றும். ஆங்கிலத்தில் 'எம்', 'என்', 'யு', 'ஐ' என நாம் கூறும் நான்கும் ஒரேவிதமான நிமிர்ந்த கம்பிகளால் ஆனவை. எந்தக் கம்பி எந்த எழுத்துக்கு உரியது என்று எண்ணிப் பார்த்தே அறிய வேண்டும்.

இவ்வெழுத்தின் பெரிய வடிவங்களோ வேறு வகையின. ஒவ்வொன்றும் உள்ளே ஒரு குறுக்குக் கோடும் வெளியே ஒரு வளைவும் கொண்டு, ஒரு சொல்லின் தலைவாயிலில் தனித்து நிற்பதற்கென்றே அமைந்தவை. அவற்றைப் பக்கம் பக்கமாக வரிசையில் நிறுத்தும் வழக்கம் இவ்வெழுத்தை நாள்தோறும் கையாண்ட ஜேர்மன் அச்சுக்கோப்போரிடம் மிக அருமை. ஒரு ஊர்வலத்தில் எல்லோருமே குடை பிடித்தால் முகம் எப்படித் தெரியும்? "முழுக்கப் பெரிய எழுத்திலை வரட்டும்" என்று நான் அச்சகத்திற் சொன்ன அந்தக் கணத்திலேயே, என் மாணவியின் பெயர் குடைகளுக்குள் மறைந்துபோயிற்று. ஆகவே குற்றம் எழுத்தினுடையதன்று. அதன் இயல்பை அறியாது, அதன் மிடுக்கை மட்டும் கடன் வாங்கிய என்னுடையதே.

இவ்வெழுத்துக்கு இத்தாலிய மறுமலர்ச்சி அறிஞர்கள் இட்ட பெயர் 'கோதிக்'. அது ஒரு வசைச்சொல். உரோமாபுரியைச் சூறையாடிய கோத்தியரின் எழுத்து, அநாகரிகர் எழுத்து என்பது அதன் கருத்து. தாங்கள் கைக்கொண்ட வட்டமான எழுத்தையோ அவர்கள் பண்டை உரோமரின் எழுத்து என்று நம்பினர். உண்மையில், அவர்கள் மாதிரியாகக் கொண்ட சிற்றெழுத்துக்கள் சார்ளிமேன் காலத்தை ஒட்டிய ஏடுகளில் இருந்தவை; கோதிக் எழுத்தும் அந்த மூலத்திலிருந்தே கிளைத்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒன்றை நாகரிகம் என்றும் மற்றொன்றை அநாகரிகம் என்றும் பிரித்துப் பேசியது அப்போதே தொடங்கிவிட்டது.

பிராக்தூர் பிறந்தது அரண்மனையிலே எனலாம். பேரரசன் முதலாம் மாக்சிமிலியனுக்காக 1513இல் அச்சிடப்பட்ட பிரார்த்தனை நூலும், அவனது புகழ்பாடும் 'தொயர்டாங்க்' என்ற 1517ஆம் ஆண்டுக் காவியமும் இவ்வெழுத்தின் தொடக்கங்கள். பட்டுக் குஞ்சங்களைப் போல நெளியும் கோடுகள் கொண்ட அரசவை எழுத்து அது. ஆனால் வரலாறு அரசவையில் நின்றுவிடுவதில்லை. 1522இல் லூதரின் ஜேர்மன் மொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தபோது, அதன் உடன்பிறப்பான 'ஷ்வாபாஹர்' எழுத்திலேயே அச்சாயிற்று. 1525இல் கிளர்ந்தெழுந்த குடியானவர்கள், பண்ணையடிமைத்தனத்தை ஒழிக்க வேண்டும், காடும் நீரும் பொதுவாக வேண்டும் என்று மெம்மிங்கன் நகரில் வரைந்த பன்னிரண்டு கோரிக்கைகளும் ஒடிந்த எழுத்திலேயே நகருக்கு நகர் மீண்டும் மீண்டும் அச்சாகிப் பரவின. கற்றோர் லத்தீன் நூல்களை வட்ட எழுத்தில் வாசித்தனர். பாமர மக்கள் தம் தாய்மொழியைக் கறுப்பெழுத்தில் வாசித்தனர். பஞ்சாங்கமும், ஞானோபதேசமும், கதைப்பாடலும், பின்னர் செய்தித்தாளும் அவர்களுக்கு அவ்வெழுத்திலேயே கிடைத்தன. மன்னனுக்காக வெட்டப்பட்ட எழுத்தை மக்கள் தமதாக்கிக்கொண்டனர்.

1848 பெப்ரவரியில், லண்டன் லிவர்பூல் வீதியிலிருந்த சிறியதோர் அச்சகத்திலிருந்து 23 பக்கங்கள் கொண்ட மெல்லிய பிரசுரம் ஒன்று வெளிவந்தது. கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை என்று இன்று உலகமே அறிந்த நூலின் முதற்பதிப்பு அது. அதன் அட்டையைப் பார்த்தபோது நான் வியப்படைந்தேன். தலைப்பும் உள்ளடக்கமும் பிராக்தூர் எழுத்திலேயே அமைந்திருந்தன. ஜேர்மன் சமூக ஜனநாயகவாதிகளின் 'போர்வார்ட்ஸ்' பத்திரிகையும் பல்லாண்டு காலம் தன் பெயரைக் கறுப்பெழுத்திலேயே தாங்கி வந்தது. இந்த எழுத்தைக் கண்டதும் சிலுவைப்போர் வீரனையும் ஸ்வஸ்திகாவையும் மட்டுமே நினைக்கப் பழகிய நமக்கு இது ஒரு பாடம். ஜேர்மன் தொழிலாளிக்கு அது வெறுமனே தன்னால் வாசிக்க முடிந்த எழுத்து. தன் நியாயத்தை எடுத்துரைக்க முயன்றவன், தன் தோழன் வாசிக்கக்கூடிய எழுத்தை நாடினான்.

தமிழ் மாணவருக்கும் இவ்வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட முனைந்தபோது, தமிழ் அச்செழுத்துக்கள் ஜேர்மனியின் ஹாலே நகரில் வெட்டி வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. பிராக்தூரிலே பழகிய கண்களும் கைகளும், ஒரு சொல்லும் அறியாத மொழியின் சுழிகளை உருக்கிலே வெட்டின. அந்த எழுத்துக்கள் அளவில் மிகப் பெரியனவாய் இருந்து தாளை விழுங்கியமையால், பின்னர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்க்க வேண்டியதாயிற்று. தொலைவிலிருந்து வெட்டி அனுப்பப்பட்ட எழுத்து, வாசிப்பவர் நடுவே திரும்பவும் வெட்டப்பட்ட பின்னரே பயன்பட்டது.

ஆனால் மக்களின் எழுத்தாயிருந்த பிராக்தூரைச் 'சாதியின் எழுத்து' ஆக்க முயன்றோரும் இருந்தனர். ஜேர்மன் அச்சுக்கோப்பில் ஒரு விசித்திரமான வழக்கம் நிலவியது. ஜேர்மன் வாக்கியம் பிராக்தூரில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவே லத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ வந்த ஒரு சொல் தலைகாட்டினால், அதை மட்டும் வட்ட எழுத்தில் கோப்பர். ஒரே வரிக்குள் சுதேசிக்கு ஓர் உடை, பரதேசிக்கு ஓர் உடை. கிரந்த எழுத்துக்களைக் கண்டால் முகஞ் சுழிக்கும் நமது பண்டிதர்களை எனக்கு இது நினைவூட்டிற்று. இந்த எல்லைக்கோட்டை மறுத்தவரும் அங்கு உண்டு. யாக்கோப் கிரிம், தம் தம்பியுடன் தொடங்கிய ஜேர்மன் பேரகராதியை 1854 முதல் வட்ட எழுத்திலேயே வெளியிட்டார். ஜேர்மன் மொழியின் வேர்களை அவரளவு தோண்டியவர் வேறொருவர் இலர். ஆயினும் ஒடிந்த எழுத்தில்தான் ஜேர்மன் ஆன்மா உறைகின்றது என்பதை அவர் ஏற்கவில்லை. பிஸ்மார்க்கோ வட்ட எழுத்தில் வந்த ஜேர்மன் நூல்களை வாசிக்க மறுத்தவர் எனப் பெயர்பெற்றவர். 1911இல் இவ்வழக்கு பாராளுமன்றம் வரை சென்று விவாதிக்கப்பட்டது, மாற்றம் நிறைவேறவில்லை.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், எழுத்து வார்ப்பகங்கள் காற்றின் திசையை நன்கறிந்துகொண்டன. வட்ட எழுத்தில் எளிமையை நாடிய புதிய அச்சுக்கலைஞரான பவுல் ரென்னரும் யான் ஷிஹோல்டும் அவ்வாண்டிலேயே கைதாயினர். ஷிஹோல்ட் விடுபட்டதும் சுவிற்சர்லாந்துக்குச் சென்றார். மறுபுறத்தில், தலைப்புகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் என்றே புதிய கறுப்பெழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுக்கு இட்ட பெயர்களே அவற்றின் நோக்கைக் கூறும்: 'நஷனால்', 'டொய்ச்லாண்ட்', 'டானன்பேர்க்'.

டானன்பேர்க் என்பது 1914இல் ஜேர்மன் படை ரஷ்யப் படையை முறியடித்த போர்க்களத்தின் பெயர். பிராங்பேர்ட்டிலிருந்த ஸ்டெம்பல் வார்ப்பகத்துக்காக எரிக் மையர் என்பவர் 1933க்கும் 1935க்கும் இடையில் இவ்வெழுத்தை ஆக்கினார். பழைய பிராக்தூரின் நெளிவும் குஞ்சமும் இதில் இல்லை. இறகுப் பேனாவின் தடிப்பும் மெலிவும் இல்லை. எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பு. எல்லா மூலைகளும் சீவி விட்டவை. எழுத்துக்கள் அணிவகுப்பில் நிற்கும் படையினரைப் போல விறைத்து நிற்கும். இந்த வகை எழுத்துக்களுக்கு ஜேர்மன் அச்சுக்கலைஞரிடையே பிற்காலத்தில் வழங்கிய ஏளனப்பெயர், முழங்கால் வரை ஏறும் படைச் சப்பாத்தை வைத்துப் பிறந்தது. பேர்ளின் நகரின் வடக்குத் தெற்குச் சுரங்கப் புகையிரதப் பாதையின் நிலையங்கள் சிலவற்றில் அவ்வெழுத்திலான பெயர்களை இன்றும் காணலாம். தூரத்திலிருந்து ஒரு கணம் பார்ப்பவனை நிறுத்துவதே தலைப்பெழுத்தின் தொழில். டானன்பேர்க் அத்தொழிலைத் திறம்படவே செய்தது. நிறுத்தியபின் அவனிடம் எதைச் சொன்னார்கள் என்பதை உலகம் அறியும்.

இனி நடந்ததே இவ்வரலாற்றின் உச்சக் கட்டம். 1937இல் நாஸிப் பிரசார அமைச்சு யூதப் பதிப்பாளர்கள் பிராக்தூர் எழுத்தைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதித்தது. காரணம், அது ஜேர்மானியரின் தூய எழுத்தாம்; யூதன் கை அதிற் படலாகாதாம். நான்கு ஆண்டுகள் கழியவில்லை. 1941 ஜனவரி 3ஆம் நாள், ஹிட்லரின் சார்பில் மார்ட்டின் போர்மன் ஒப்பமிட்ட ஒரு சுற்றறிக்கை வெளிவந்தது. பகிரங்கப்படுத்தலாகாது என்ற குறிப்போடு வந்த அந்த அறிக்கை, கோதிக் எழுத்தை ஜேர்மன் எழுத்தெனக் கருதுவது தவறு என்றது. அது உண்மையில் யூதர்களின் ஷ்வாபாஹர் எழுத்து என்று கண்டுபிடித்துக் கூறிற்று. இனி வட்ட எழுத்தே 'வழமை எழுத்து', பாடநூல்களும் பெயர்ப்பலகைகளும் சான்றிதழ்களும் அதிலேயே அமைதல் வேண்டும் என்று கட்டளையிட்டது. இக்கட்டளை தட்டச்சிடப்பட்ட கடிதத் தாளின் தலைப்போ கறுப்பெழுத்திலேயே அச்சாகியிருந்தது!

ஒரே எழுத்து, 1937இல் யூதன் தொடத் தகாத தூய பொருள். 1941இல் யூதன் புகுத்திய அசுத்தம். இடையில் எழுத்தில் ஒரு கோடும் மாறவில்லை. மாறியது தேவை. ஐரோப்பாவின் பெரும்பகுதி அப்போது நாஸிப் படையின் காலடியில் கிடந்தது. பிரெஞ்சுக்காரனும் நோர்வீஜியனும் ஆண்டானின் கட்டளையை வாசித்துப் பணிய வேண்டுமாயின், அவர்களுக்குப் பழக்கமான எழுத்தில் அது இருத்தல் வேண்டும். உண்மைக் காரணம் நிருவாக வசதி. ஊருக்குக் கூறிய காரணம் இனத் துவேஷம். ஆளும் வர்க்கம் தன் வசதியைக் கோட்பாடாக உடுத்திக்காட்டும் வித்தைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ஆயினும் போர் முடிந்த பின்னர் இவ்வெழுத்து நாஸிகளின் எழுத்து என்ற பழியையே சுமந்தது. அதைத் தடைசெய்தவர்களின் பெயரே அதற்கு அடைமொழியாயிற்று. பாடசாலையில் அதைப் பயிலாத தலைமுறையினர் தம் பாட்டன் வாசித்த நூலைத் தாம் வாசிக்க முடியாதோராயினர். நாளாந்த வாசிப்பிலிருந்து நீங்கிய எழுத்து, தலைப்பிலும் அலங்காரத்திலும் ஒதுங்கிக்கொண்டது. 'பிராங்பேர்ட்டர் அல்கமைனே' என்ற ஜேர்மன் நாளிதழ் தன் கருத்துரைகளின் தலைப்புகளை 2007 வரை பிராக்தூரில் அச்சிட்டது. 'நியூ யோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் பெயர் இன்றும் கறுப்பெழுத்திலேயே விளங்குகின்றது. பியர்ப் போத்தலின் ஒட்டுத்தாளில் அது பழமையைக் காட்டும்; பட்டப் பத்திரத்தில் அதிகாரத்தைக் காட்டும்; கல்லறையிற் பக்தியைக் காட்டும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வறிய பகுதிகளில் வாழும் மெக்சிக்க வழித்தோன்றல்களான இளைஞர்கள், தம் தாயின் பெயரையும் தம் தெருவின் பெயரையும் அவ்வெழுத்தில் உடலிற் பச்சை குத்திக்கொள்கின்றனர். அதே வேளையில், புதிய நாஸிகள் தம் கொடிகளிலும் சட்டைகளிலும் அதைப் பொறிக்கின்றனர், தம் தலைவனே அதை விலக்கினான் என்பதையும் பொருட்படுத்தாது.

எனது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் மாலை வகுப்புக்கு இவ்வெழுத்துப் பொறித்த கறுப்புச் சட்டையொன்றை அணிந்து வந்தான். ஏதோ ஒரு மேனாட்டு இசைக்குழுவின் பெயர். "என்ன எழுதிக் கிடக்குது?" என்று கேட்டேன். "தெரியாது சேர், எழுத்து நல்ல வடிவா இருந்தது; அதுதான் வாங்கினனான்" என்றான். நான் அவனைக் கண்டிக்கவில்லை. கண்டிக்க எனக்கு என்ன தகுதி? அவன் தன் சட்டைக்குச் செய்ததைத்தானே நான் அந்தப் பிள்ளையின் சான்றிதழுக்குச் செய்தேன்.

ஜேர்மனியரின் இந்தப் பைத்தியத்தைப் படித்துவிட்டு நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நமது நாட்டின் ஏட்டைப் புரட்டுவோருக்குச் சிரிப்பு வராது. 1957 முதல் இந்நாட்டு மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இடம்பெறலாயிற்று. 1958இல் வடக்கில் அந்த ஓர் எழுத்தின் மேல் தார் பூசினர். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசினர். அவ்வாண்டு மே மாதத்திற் பூசப்பட்டது தார் அன்று, இரத்தம். அந்த எழுத்து செய்த குற்றம் யாது? தாளிப்பனை ஓலையிற் சிங்கள எழுத்தும் பனையோலையில் தமிழெழுத்தும் ஒரே எழுத்தாணியின் கூருக்கு அஞ்சி வளைந்தவை. பழைய பிராமியின் வழிவந்த இரு பிள்ளைகள் அவை. ஒரு மொழியை மட்டும் அரசின் மொழியாக்கி, அதன் எழுத்தை அடுத்தவன் வாகனத்தில் ஆணியறைந்து மாட்டியது அதிகாரம். அடுத்தவன் வெறுத்ததும் அவ்வதிகாரத்தையே. ஆனால் கைக்கு எட்டியது எழுத்து மட்டுமே. தார்வாளியைத் தூக்கியவர்களுட் பலர் இரு பக்கத்திலும் ஏழைகளாயிருந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. சினம் எழுத்தின் மேற் செலவாகும் வரை, அதை மாட்டியவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

எழுத்துக்கு இனம் இல்லை. அதற்குப் பாவமும் புண்ணியமும் இல்லை. ஆயினும் எழுத்தைத் தெரிந்தெடுக்கும் கைக்கு அவை உண்டு. இந்தத் தேடலில் நான் கண்ட உரைகல் ஒன்றே ஒன்று: யாருக்காக இது எழுதப்பட்டதோ அவரால் இதை வாசிக்க முடிகின்றதா? 1525இல் அந்தக் குடியானவன் கையிலும் 1848இல் அந்தத் தொழிலாளி கையிலும் கறுப்பெழுத்து இந்தச் சோதனையில் தேறியது. எங்கள் பாடசாலை மண்டபத்தில் ஒரு கூலித்தொழிலாளியின் மனைவி கையில் அது தோற்றது. ஒரே எழுத்துத்தான். அங்கே அது பேசுவதற்கு வந்தது. இங்கே நான் அதை மிரட்டுவதற்கு அழைத்தேன். நான் அறியாமல் மிரட்டினேன் என்பது அந்தத் தாய் அடைந்த வெட்கத்தைக் குறைத்துவிடாது. அரசாங்கப் படிவத்திலும், காணி உறுதியிலும், வழக்கறிஞரின் கடிதத்திலும் நாள்தோறும் இந்த மிரட்டலைக் கண்டு பழகியவர்கள் நம் மக்கள். விளங்காததெல்லாம் பெரிது என்றும், விளங்காமை தம் குற்றம் என்றும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. அதைக் கற்பிக்கும் வரிசையில் ஒரு தமிழாசிரியனும் போய் நிற்கலாமா?

இரண்டு வாரங்களின் பின் அதே அச்சகத்துக்குச் சென்றேன். என் சொந்தச் செலவிலே ஒரு சான்றிதழை, தமிழில், சாதாரணமான, தெளிவான எழுத்தில் அச்சிடுவித்தேன். அதிபரிடம் கூறி ஒப்பமும் பெற்றுக்கொண்டு, ஒரு மாலை அவர்களுடைய வீட்டுக்குச் சென்றேன். அந்தத் தாய் முற்றத்தில் நின்றபடியே அதை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டு வாசித்தார். மகளின் பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் சற்றே தடித்தது. பின்னர் உள்ளே சென்று, சுவரில் முன்னரே தொங்கிய ஆங்கிலச் சான்றிதழின் பக்கத்தில் இதையும் வைத்துப் பார்த்தார். "பழையதைக் கழட்டிப்போட்டு இதை மாட்டுங்கோ அக்கா" என்றேன். அவர் தலையை அசைத்து மறுத்தார். "இல்லை சேர், அதுவும் கிடக்கட்டும். அது வடிவு. இது வாசிக்க" என்றார்.

நான் நூல்களிற் பல நாள் தேடிக் கண்டதை அவர் இரண்டு சொல்லிற் கூறிவிட்டார். கறுப்பெழுத்து வடிவானதுதான். அதன் வடிவை நான் பழிக்க வரவில்லை. அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு அச்சகம் செல்லும் ஆசிரிய நண்பர்களிடம் நான் வேண்டுவது சிறியதொன்றே. மாதிரித்தாளை எடுத்துக்கொண்டு முதலில் அதிபரிடம் போகாதீர்கள். பாடசாலை வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் ஒரு தாயிடம் கொடுத்து, பெயர் எங்கே இருக்கின்றது என்று கேளுங்கள். அவர் உடனே விரல் வைத்துக் காட்டினால், அதன் பின்னர் அச்சிடுங்கள்.